கறுப்பு காரில் சிலந்தி வலைக் கோடுகள்: எந்த பஃபர் வாங்குவது?

நண்பர் ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னை வேளச்சேரி அபார்ட்மென்ட்டில் நிற்கும், 2 வருஷமான கறுப்பு ஐ20. இரவில் பெட்ரோல் பங்க் விளக்கின்கீழ் நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகச் சிலந்தி வலை. பாலிஷ் கடை ஒன்றில் கொடுத்து வாங்கியதும் ஒரு வாரம் கண்ணாடிபோல் இருந்தது. இரண்டு முறை கழுவிய பிறகு வலையும் திரும்பிவிட்டது, கூடவே வெயிலில் அலைபோல் ஆடும் பட்டைகளும் வந்துவிட்டன. இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நண்பர் மூன்று மெஷின்களைக் குறித்து வைத்திருக்கிறார்: விலை குறைந்த ஒரு ரோட்டரி பாலிஷர், துணி உறை மாட்டிய 10 இஞ்ச் பஃபர், விலை கொஞ்சம் கூடுதலான டூயல் ஆக்‌ஷன். எதை வாங்குவது?

மூன்றாவதை. 5 இஞ்ச் பிளேட், 15 மில்லிமீட்டர் த்ரோ (பேட் போடும் சிறு வட்டத்தின் அளவு), கியர் பூட்டு இல்லாமல், பிளேட்டில் ஒட்டும் பேட் தானாகச் சுழலும் வகை. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கடைக்குக் கிளம்பலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் வாங்கினால் அந்த மெஷினாலும் ஸ்வர்ல், அதாவது இந்தச் சிலந்தி வலை, போகாது, ‘இதுவும் ஏமாற்று’ என்று பரணில் ஏறிவிடும். அப்படி ஏறிய இரண்டு மெஷின்களை நானே பாதி விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

முதலில் அந்த வலை என்ன என்று பார்ப்போம். உங்கள் மொபைல் டார்ச்சைப் பானெட் மேல் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகரும். வட்டமாகக் கீறியிருந்தால் அவை இருந்த இடத்திலேயே அல்லவா இருக்க வேண்டும்? உண்மையில் பெயின்ட் மேல் எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கின்றன. விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுகின்றன, அவை விளக்கைச் சுற்றி வளையங்களாகத் தெரிகின்றன. அதனால் ‘நான் நேர்க்கோட்டில்தான் சார் துடைக்கிறேன்’ என்று கார் துடைக்கும் தம்பி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நேர்க்கோட்டில் துடைத்தாலும் ஸ்வர்ல் வரும். காரணம் கையின் திசை இல்லை, துணியில் ஒட்டியிருக்கும் மண். ஒரே பக்கெட், ஒரே துணி, பத்து கார். உங்கள் காருக்கு முன்னால் துடைத்த ஸ்கார்ப்பியோவின் சேற்றுமணல் உங்கள் பானெட்டில் கோடு போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கீறல்கள் நிறத்தில் இல்லை, நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட்டில் இருக்கின்றன. இன்றைய கார்களில் அந்தப் படலம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், முடியின் பருமன்கூட இல்லை. பாலிஷ் என்பது கீறலை அடைப்பது இல்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டைச் சீவி, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. தேங்காய் துருவுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக வரும்வரை வரும், ஒரு சுற்று அதிகம் போனால் ஓட்டின் கறுப்பு விழுந்துவிடும். தேங்காய்க்காவது அடுத்த மூடி இருக்கிறது. கிளியர் கோட்டில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் சேர்ந்தே இருப்பதால், நம் ஊர் வெயிலில் அதை மெலியவிட்டால் இரண்டு மூன்று கோடை தாண்டி ரூஃபில் தோல் உரிய ஆரம்பிக்கும்.

ஆகவே மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எது வேகமாக வெட்டும்’ என்று பார்க்காதீர்கள். நாம் தப்பு செய்யும்போது எது பொறுத்துக்கொள்ளும் என்று பாருங்கள்.

ரோட்டரி பொறுத்துக்கொள்ளாது. அது ஒரே அச்சில், நிமிஷத்துக்கு 600 முதல் 3000 சுற்றுவரை, நாம் அழுத்தினாலும் நிற்காமல் சுற்றும். வீட்டு உதாரணம் சொன்னால் அது மிக்ஸி. மிக்ஸியில் இட்லி மாவு அரைத்தால் சீக்கிரம் அரையும், ஆனால் மாவு சூடாகிவிடும். ரோட்டரியில் சூடாவது உங்கள் பெயின்ட். ஓர் இடத்தில் சில வினாடிகள் கூடுதலாக நின்றாலோ, டோர் விளிம்பில் பேட் சாய்ந்தாலோ, கிளியர் கோட் போய் அடி நிறம் தெரிந்துவிடும். பம்பர் இன்னும் மோசம். பிளாஸ்டிக் என்பதால் சூட்டைத் தகடுபோல் பரப்பிக் கடத்தாது, தேய்த்த இடத்திலேயே தேங்கும். என் முதல் ரோட்டரியில் என் சொந்த மாருதியின் பின் டோர் விளிம்பை நானே இப்படி எரித்தேன். விரல் நக அளவுதான். ஆனால் அதை மறைக்க அந்த டோர் முழுவதையும் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆடும் பட்டைகளுக்கும் ரோட்டரிதான் காரணம். ஹாலோகிராம் என்பார்கள். கம்பளி பேடும், பெயின்ட்டைச் சீவும் பசையான முரட்டு காம்பவுண்டும் ஒரே திசையில் சுற்றும்போது விட்டுச் செல்லும் தடம் அது. தேர்ந்த கை ரோட்டரியிலேயே தடமில்லாமல் முடிக்கும். அப்படிப்பட்டவர்கள் டிங்கரிங் பெயின்டிங் பட்டறைகளில் இருக்கிறார்கள், அவர்கள் கையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆனால் அந்தக் கை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வராது.

சரி, அந்த ஒரு வாரப் பளபளப்பு எப்படி வந்தது? பெரும்பாலும் கிளேஸ் அல்லது எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ். அது கீறல்களுக்குள் உட்கார்ந்து மறைக்கும், ஷாம்பு பட்டதும் வெளியேறிவிடும். கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்தில் வண்டி வேண்டும் என்று நிற்கும் வாடிக்கையாளருக்கு அதைத்தான் கொடுக்க முடியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, பாலிஷ் செய்த இடத்தில் லேசாகத் தெளித்துச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போனபிறகும் கோடு தெரியவில்லை என்றால்தான் கோடு உண்மையில் போயிருக்கிறது. நீங்களே செய்யும்போதும் ஒவ்வொரு பகுதிக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

10 இஞ்ச் பஃபரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அது மெழுகு பூசத்தான் பயன்படும். சக்தி குறைவு, பேட் பெரிது, துணி உறை தடிமன். காம்பவுண்டைப் பெயின்ட் மேல் தடவிக் கொடுக்கும், வெட்டாது. டிரில்லில் மாட்டும் ஸ்பாஞ்சும் இதே கதைதான். இன்னொன்று: வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது, அதில் பேட் மாட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் வராமல் இருக்க மாட்டார். 4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும். அது இரும்பு வெட்டுவதற்கு. வேண்டாம்.

இனி டூயல் ஆக்‌ஷன். சுருக்கமாக டி.ஏ. மிக்ஸிக்கு எதிரே மாவு கிரைண்டர் என்று சொல்லலாம். கிரைண்டரில் பாத்திரமும் சுற்றும், அதற்குள் கல்லும் தன்போக்கில் சுற்றும், மாவு சூடேறாது. டி.ஏ.விலும் இரண்டு அசைவு. பேட் மையத்தை விட்டு விலகி ஒரு சிறு வட்டம் போடும், அந்த ஆட்டத்தின் விசையில் தானும் மெதுவாகச் சுழலும். ஒரு துகள் ஒரே பாதையில் திரும்பத் திரும்ப உரசாததால் சூடும் குறைவு, தடமும் விழாது. முக்கியமான விஷயம் இனிமேல்தான். நீங்கள் அதிகம் அழுத்தினால், அல்லது வளைவில் ஒரு பக்கமாகச் சாய்த்தால், பேட் சுழல்வதை நிறுத்திவிடும். வெறுமனே அதிரும், வெட்டாது. முதல் நாள் இது எரிச்சலாக இருக்கும், ‘மெஷின் மக்கர் பண்ணுகிறது’ என்று தோன்றும். அதுதான் உங்கள் பெயின்ட்டைக் காப்பாற்றும் குணம். பேட் சுற்றுகிறதா என்று கண்ணுக்குத் தெரிய, பிளேட்டின் விளிம்பில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு சுழன்றால் வேலை நடக்கிறது. நின்றால் அழுத்தத்தைக் குறையுங்கள், பேடைத் தட்டையாக வையுங்கள்.

அந்தச் சிறு வட்டத்தின் விட்டத்தைத்தான் த்ரோ என்கிறார்கள். வழக்கமாகக் கிடைப்பவை 8, 15, 21 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் மெஷின் அடக்கமானது, வளைவுகளில் சொன்னபடி கேட்கும், ஆனால் ஒரு பானெட்டுக்கு மதியம் ஆகிவிடும். 21 மில்லிமீட்டர், பெரிய எஸ்யூவியின் சமதளப் பரப்புக்கு நன்றாக ஓடும். ஐ20யின் டோரில் இருக்கும் மடிப்புக்கோடுகளில் அடிக்கடி நின்றுவிடும். 15 இரண்டுக்கும் நடுவில் உட்காருகிறது. இத்தாலியின் ரூப்பஸ் நிறுவனம்தான் நீளமான த்ரோவைப் பிரபலமாக்கியது. அவர்களின் எல்.ஹெச்.ஆர். 15, எல்.ஹெச்.ஆர். 21 என்ற பெயர்களில் உள்ள எண்ணே த்ரோவின் அளவு. நாள் முழுக்கத் தொழிலாகச் செய்பவருக்கு அந்த விலை கட்டுபடியாகும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை எடுக்கப்போகும் உங்களுக்கு, அதே அளவில் வரும் சாதாரண 15 மில்லிமீட்டர் மெஷின் போதும். அதிர்வு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கை வலிக்கும். வேலையின் முடிவில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு.

கியர் வைத்த டி.ஏ. என்று ஒரு வகை உண்டு. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் நிறுவனத்து எக்ஸ்சி 3401 இதில் பெயர் பெற்றது, 8 மில்லிமீட்டர் த்ரோ. அதில் பேட் நிற்கவே நிற்காது, எவ்வளவு அழுத்தினாலும் சுழலும். வெட்டு அதிகம், வேலை சீக்கிரம். மக்கீட்டாவின் பி.ஓ.6000சி போன்றவற்றில் கியரில் சுழல்வது, தானாகச் சுழல்வது இரண்டும் ஒரே மெஷினில், சுவிட்சைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த வகை பிடிக்கும். ஆனால் முதல் மெஷினாக நான் சிபாரிசு செய்வதில்லை, தப்பு செய்தால் நின்று எச்சரிக்கும் அந்தக் குணம் இதில் இல்லை.

பிளேட் அளவில் ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு டி.ஏ.வுக்குள்ளும் ஓர் எதிர் எடை இருக்கிறது, அது கொடுக்கப்பட்ட பிளேட்டுக்கும் பேடுக்கும் ஏற்ப அளந்து வைத்தது. 5 இஞ்ச் மெஷினில் 6 இஞ்ச் பிளேட் மாட்டினால் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிரும், பேரிங்கும் சீக்கிரம் போகும். பேட் மட்டும் பிளேட்டைவிட அரை இஞ்ச் பெரிதாக இருக்கட்டும், பிளாஸ்டிக் விளிம்பு பெயின்ட்டில் இடிக்காது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவருகிறேன் என்றால், அது எத்தனை வோல்ட் மெஷின் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே 120, இங்கே 230. நேராகச் சொருகினால் புகைதான். நம் ஊரில் வாங்கும் 15 மில்லிமீட்டர் மெஷின்கள் ஆயிரம் வாட்ஸுக்கு உள்ளேதான் இருக்கும், சாதாரண 5 ஆம்பியர் பிளக் தாங்கும். பார்க்கிங்குக்கு எக்ஸ்டென்ஷன் இழுத்தால் ரோலில் சுற்றியபடியே விடாதீர்கள், முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றிய ஒயர் சூடாகும். பொது மீட்டரில் சொருகுவதாக இருந்தால் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பெயின்ட் எரிந்ததைவிடப் பெரிய பஞ்சாயத்து அங்கே வரும்.

மெஷினைவிட பேடும் காம்பவுண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கும். பட்ஜெட்டில் பாதி அவற்றுக்குப் போகட்டும். ஃபோம் பேட் போதும், நடுத்தர வெட்டில் நான்கு, மென்மையானது இரண்டு. நிறத்தை வைத்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு, இன்னொரு கம்பெனியில் வேறு கடினம். ஒரே பேடில் கார் முழுவதையும் முடிக்க நினைத்தால், பாதியில் பேட் நனைந்து சூடாகி வெல்க்ரோ பிய்ந்துகொள்ளும். காம்பவுண்டில் மெக்வயர்ஸ் 105, 205 என்ற ஜோடி பலருக்குப் பழக்கம். 105 வெட்டும், 205 மெருகேற்றும். 3எம், மென்ஸெர்னா எல்லாவற்றிலும் இதேபோல் படிகள் உண்டு. 2 வருஷக் காரின் மேலோட்டமான ஸ்வர்லுக்கு 205 மாதிரி ஒன்றே பல சமயம் போதும்.

போதுமா என்று யாரைக் கேட்பது? காரையே கேளுங்கள். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்து, மென்மையான பேடும் மெல்லிய பாலிஷுமாக ஆரம்பியுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். போகவில்லையென்றால் பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். அப்புறமும் நின்றால் காம்பவுண்ட். எந்த ஜோடியில் போகிறதோ, அதுதான் உங்கள் காருக்கானது. ஒரு பெயின்ட் மென்மையாக இருக்கும், ஒன்று கல்லாக இருக்கும், வெளியிலிருந்து சொல்ல முடியாது. நகத்தால் வருடும்போது தட்டுப்படும் கீறல் ஆழமானது. அதை விட்டுவிடுங்கள், துரத்திப் போனால் துருவல் ஓட்டைத் தொட்டுவிடும்.

பானெட்டைத் தொடும் முன் பழக ஓர் இடம் வேண்டுமே. புதுப்பேட்டைக்குப் போங்கள். கழற்றிய பானெட்டுகள், டோர்கள் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். அடிவாங்கி நசுங்கிய கறுப்புப் பானெட் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவந்து மொட்டை மாடியில் போட்டுப் பழகுங்கள். விளிம்பில் எவ்வளவு நேரத்தில் பெயின்ட் போகிறது என்று வேண்டுமென்றே எரித்தும் பார்க்கலாம். நான் மெஷினுக்குச் செலவழித்ததைவிட அந்தப் பானெட்டுக்குச் செலவழித்ததுதான் பிரயோஜனமானது. அப்படியே ஜி.பி. ரோட்டில் கிளே (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), மைக்ரோஃபைபர், டேப் எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். நல்ல எல்.ஈ.டி. டார்ச் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

வேலை நாளன்று நேரம் முக்கியம். பானெட்டில் உள்ளங்கையை வைத்து நிம்மதியாக எடுக்காமல் இருக்க முடிந்தால்தான் பாலிஷ். மே மாதக் கத்திரியில் அது காலை ஏழரைக்கே முடிந்துவிடும், பாலிஷ் காய்ந்து மாவாகப் பறக்கும். மார்கழி, தை மாதக் காலை நேரமே உகந்தது. முதலில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுவார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம், காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாகப் படியும். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கையைப் பாலிதீன் கவரில் நுழைத்துப் பெயின்ட்டைத் தடவுங்கள். நறநறவென்றால் கிளே போட வேண்டும். அந்த நறநறப்பின் மேல் பேட் ஓடினால் புது ஸ்வர்ல் நாமே போடுவோம். விளிம்புகளிலும், மடிப்புக்கோடுகளிலும், கறுப்பு பிளாஸ்டிக்கிலும் டேப்.

பேடில் கடலைப்பருப்பு அளவில் நான்கு சொட்டு. மெஷினைப் பெயின்ட் மேல் வைத்தபிறகே ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் சுவரெல்லாம் பாலிஷ். முதல் ஸ்பீடில் பரப்பிவிட்டு, ஆறில் நான்கு, ஐந்துக்கு ஏற்றி, வினாடிக்கு ஓர் இஞ்ச் என்று நத்தைபோல் நகருங்கள். பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படும்படி, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை. எல்லோரும் செய்யும் தப்பு, இஸ்திரி போடுவதுபோல் வேகமாக இழுப்பது. ஒரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு அடுத்தது. வெட்டிய பாலிஷும் பெயின்ட் தூளும் அடைத்த பேட் வெட்டாது, சூடுதான் ஏற்றும். பேடில் கறுப்பு நிறம் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அம்பாசடர்போல் கிளியர் கோட் இல்லாத பெயின்ட்டில் நிறம் ஏறுவது இயல்பு. உங்கள் காரில் ஏறினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏற்கெனவே கடையில் ஒருமுறை ரோட்டரி ஓட்டியிருப்பதால், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடுவதும் நல்லது. அது மொத்தக் கனத்தைத்தான் காட்டும். கம்பெனி பெயின்ட் சுமார் 100 மைக்ரானைச் சுற்றி இருக்கும், மற்ற இடத்தைவிட ஓர் இடத்தில் மிகக் குறைந்திருந்தால் அங்கே கை வைக்காதீர்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் ஸ்வர்ல் போய்விடுமா என்றும் நண்பர் கேட்டிருந்தார். போகாது. உள்ளே இருக்கும் கீறல்களின் மேல் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். முதலில் பாலிஷ், அப்புறம் வேண்டுமானால் கோட்டிங்.

முடிந்தபிறகு தினசரித் துடைப்பை நிறுத்திவிடுங்கள். தம்பிக்கு அதே சம்பளத்தைக் கொடுத்து, கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லுங்கள், அவருக்கும் சந்தோஷம். வாரம் ஒருமுறை நீங்களே இரண்டு பக்கெட் வைத்து, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசும் தண்ணீர். மெட்ரோ ரயில் வேலைத் தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் தட்டவே கூடாது. கடற்கரைப் பக்கம் நிறுத்துபவர்கள் கவர் போட்டால் அது காற்றில் படபடத்து மணலோடு சேர்ந்து இதே வேலையைச் செய்யும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்தபிறகு சுரண்டாதீர்கள், ஈரத் துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு எடுங்கள். பயன்படுத்திய பேடுகளை அன்றே சோப்புத் தண்ணீரில் அலசி, பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் வெல்க்ரோவின் பசை விட்டுப்போகும்.